கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

மின்னூல் வாசிப்புக் கருவி வாங்குவோர் விலை, நினைவகம், திரையின் தெளிவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பக்கத்தைத் திருப்பும் முறையைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் வாசிக்கும் நேரம் முழுவதும் கை திரும்பத் திரும்பச் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

300 பக்க அச்சு நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வை மங்கிய முதியவர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கியதில் ஓர் அச்சுப் பக்கம் மூன்று திரைகளாக விரிகிறது எனில், நூலை முடிப்பதற்குள் அவர் ஏறத்தாழ 900 முறை பக்கம் திருப்பவேண்டும். கண்ணுக்குச் செய்த உதவி கைக்குச் சுமையாகிறது.

தொடுதிரைக் கருவியை ஒரே கையில் பிடித்திருப்பவர், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை விளிம்பிலிருந்து பெயர்த்துத் திரைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அந்நொடியில் பிடி தளர்கிறது. எடை மற்ற விரல்களின்மேல் விழுகிறது. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் சில, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறையின் வழியே செல்கின்றன. ஒரே அசைவு ஓயாமல் தொடர்ந்தால் அங்கே வலி தோன்றலாம். விரல் தங்கும் இடத்திலேயே பொத்தான் இருப்பின், பிடியை மாற்றாமல் மெல்ல அழுத்தினால் போதும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும், பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. அது அமைந்த இடமும் முக்கியம். 2007இல் வெளிவந்த முதல் கிண்டிலின் இரு ஓரங்களிலும் நீண்ட பொத்தான்கள் இருந்தன. கருவியைக் கையில் எடுத்தாலே பக்கம் புரண்டுவிடுகிறது என்ற குறை எழுந்தது. 2009இல் வந்த அடுத்த கருவியில் அவை சிறிதாக்கப்பட்டன. 2012இல் வந்த பேப்பர்வொய்ட்டில் பொத்தானே இல்லை. 2016இல் வந்த ஒயாசிஸ், ஓர் ஓரத்தை மட்டும் தடிப்பாக்கி, அங்கே இரு பொத்தான்களை வைத்தது. எடையும் உள்ளங்கைப் பக்கமே சேர்ந்தது. கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் திரையும் திரும்பும். ஆதலால் இடக்கைப் பழக்கமுள்ளோருக்கும் அது ஏற்றதாயிற்று. பின்னர் ஒயாசிஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. 2019இல் தொடங்கிய கோபோ லிப்ரா வரிசையும் இதே அமைப்பைக் கொண்டது.

வாங்குமுன் சிலவற்றைச் சோதித்தல் நலம். கருவியை ஒரு கையில் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலை நீட்டாமலே பொத்தான் எட்டுகிறதா? மெல்ல அழுத்தினாலே இயங்குகிறதா? இடக்கைக்கும் பொருந்துகிறதா? மேல், கீழ்ப் பொத்தான்களின் வேலையை மாற்றியமைக்க இயலுமா? இணையத்தில் வாங்குவோர், பொருளைத் திருப்பி அனுப்பும் காலவரம்பை முதலில் அறிந்துகொள்ளவேண்டும்.

பொத்தான் இல்லாத கருவியை முன்பே வாங்கியவர்கள், அதைத் தலையணையிலோ தாங்கியிலோ சாய்த்துவைத்துப் படிக்கலாம். அவ்வப்போது கைமாற்றிப் பிடிக்கலாம். பெற்றோருக்குப் பரிசளிக்க எண்ணுவோர், அவர்கள் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தபின் முடிவு செய்வதே சிறந்தது.