மீன் தொட்டியில் நத்தை பெருகுகிறதா? முதலில் தீவன டப்பாவைப் பாருங்கள்!

ஓசூரில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து தளிக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடுகிறது. ஹாலில் லைட்டைப் போடுகிறீர்கள். ஆசை ஆசையாக வாங்கி வைத்த 2 அடி மீன் தொட்டியின் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால், அத்தனையும் நத்தை!

'நாம நத்தையே வாங்கலையே, இது எங்கிருந்து வந்துச்சு?' என்று யோசிக்கும்போதே இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 3 மாதத்துக்கு முன்பு வாங்கியது 4 கப்பி மீன்கள். இப்போது எண்ணவே முடியவில்லை.

நத்தைத் தொல்லை, மீன் நெரிசல் என்று இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகத்தான் இது தெரியும். ஆனால், பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அது என்ன? எப்படிச் சரிசெய்வது? எதைச் செய்யவே கூடாது? பார்க்கலாம்.

நத்தை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் செடியோடுதான். கடையில் வாங்கும் நீர்ச்செடியின் இலைக்கு அடியில் பசை போன்ற, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு சிறு திட்டு ஒட்டியிருக்கும். அதுதான் நத்தையின் முட்டைக் கூடு. தொட்டிக்குள் போன பிறகு, சூட்டைப் பொறுத்து ஓரிரு வாரங்களில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். ஏரியிலிருந்து செடியோ கல்லோ எடுத்துவந்து போட்டாலும் இதே கதைதான்.

வீட்டுத் தொட்டிகளில் வழக்கமாக 3 வகை நத்தைகள் தென்படும். ஓடு உருண்டையாக, சிறியதாக, வேகமாக ஊர்ந்து போவது ஒன்று. ஆட்டுக்கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்டது இன்னொன்று. கூம்பு போல நீளமான ஓட்டுடன், பகலில் கற்களுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளியே வருவது மூன்றாவது. நள்ளிரவில் லைட்டைப் போட்டதும் நீங்கள் பார்க்கும் படையில் இந்த மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும்.

அதற்காக இவ்வளவு வேகமாகவா பெருகும்?

பெருகும். முதல் இரண்டு வகைகளில் ஒவ்வொரு நத்தையும் ஆண், பெண் இரண்டுமாக இருக்கும். எந்த இரண்டு நத்தைகள் சந்தித்தாலும் இரண்டுமே முட்டையிடலாம். துணையே கிடைக்காவிட்டாலும் தனியாக இனப்பெருக்கம் செய்யக்கூடியவையும் இவற்றில் உண்டு. கூம்பு நத்தையோ முட்டையே இடாமல் நேரடியாகக் குட்டி போடும். பெரும்பாலும் அதற்கு ஆண் துணையே தேவையில்லை. 'ஒண்ணே ஒண்ணுதானே, கிடக்கட்டும்' என்று விடுவது இதனால்தான் எடுபடுவதில்லை.

கப்பியும் லேசுப்பட்டதல்ல. சுமார் 4 வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பெண் கப்பி 20 முதல் 50 குஞ்சுகள் வரை போடும். ஒருமுறை இணைசேர்ந்தாலே ஆணின் விந்தணுவை உடலுக்குள் சேமித்துவைத்து, பல மாதங்களுக்குக் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடந்திருந்தால், நீங்கள் பெண் மீன்களை மட்டும் வாங்கி வந்தாலும் குடும்பம் பெருகத்தான் செய்யும்.

நத்தை என்பது ஒரு மீட்டர்

விஷயத்துக்கு வருவோம். நத்தை எதைத் தின்கிறது? மீன் விட்டுவைத்த தீவனம், அழுகிய இலை, கண்ணாடியில் படியும் பாசி, செத்த மீன். இவையெல்லாம் குறைவாக இருக்கும் தொட்டியில் நத்தைகள் பத்து இருபதோடு நின்றுவிடும். நூற்றுக்கணக்கில் பெருகுகிறது என்றால், அந்த அளவுக்குச் சாப்பாடு தொட்டிக்குள் மிச்சமாகிறது என்று அர்த்தம். அந்த வகையில் நத்தை எண்ணிக்கை கரண்ட் மீட்டர் மாதிரி. மீட்டரை உடைத்தால் பில் குறையாது.

சாப்பாடு எப்படி மிச்சமாகிறது? காலையில் அவசரமாகக் கிளம்பும்போது நாம் ஒரு சிட்டிகை போடுவோம். அது தெரியாமல் வீட்டில் அம்மா ஒரு சிட்டிகை. 'பாவம், வாயைத் திறக்குது' என்று பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு கை! மீன் எப்போதுமே பசித்த மாதிரிதான் வாயைத் திறக்கும். தளியின் குளிர்காலம் இன்னொரு காரணம். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடல் இயக்கம் மந்தமாகி, சாப்பாடும் குறையும். நாம் போடும் அளவோ குறைவதில்லை.

மீன் கூட்டத்தில் என்ன ஆபத்து?

நத்தை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். உயிருக்கு உலை வைப்பது நெரிசல்தான். மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீவனத்திலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். ஃபில்டரிலும் கற்களிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் கூடக் கூட இந்த பாக்டீரியாக்களால் ஈடுகொடுக்க முடியாது. நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த மீன்கள் ஒருநாள் காலையில் மேற்பரப்பில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அடுத்த நாள் மிதக்கும்.

உங்கள் தொட்டியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 அளவுள்ள 2 அடித் தொட்டி என்றால் 54 லிட்டர். கல், செடி, மேலே விடும் இடைவெளி போக நிஜத் தண்ணீர் சுமார் 45 லிட்டர்தான். வளர்ந்த கப்பி என்றால் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடிய கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி போதவே போதாது.

நம் ஊர்த் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தப் பகுதியில் பாறைக்கு நடுவே இறக்கிய போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத்தன்மை கொண்டது. பக்கெட்டிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிவது அதில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான். நத்தைக்கு ஓடு கட்டக் கால்சியம் வேண்டும். ஆக, கடின நீர் அதற்குக் கொண்டாட்டம். கப்பிக்கும் இதே தண்ணீர்தான் பிடிக்கும் என்பதால், நத்தையை ஒழிக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறலாமா என்று யோசிக்க வேண்டாம், மீனுக்குத்தான் சிரமம்.

இன்னொரு விஷயம், கடின நீரில் வழக்கமாக பி.எச். அளவும் கூடுதலாக இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்கு கூடுகிறது. மென்நீர் உள்ள ஊரில் தாங்கும் நெரிசலை இங்கே தொட்டி தாங்காமல் போகலாம்.

2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் வீடுகளில் கவனிக்க வேண்டியது குளோரின். குடிநீரில் கிருமியைக் கொல்லும் குளோரின், தொட்டியின் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். ஒருநாள் திறந்த பக்கெட்டில் வைத்திருந்தோ, கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்தைக் கலந்தோ பயன்படுத்துங்கள்.

மருந்து ஊற்றினால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

நத்தைக்கொல்லி மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். அது நத்தையைக் கொல்லும். இறாலையும் சேர்த்துக் கொல்லும். அளவு கூடினால் மீனுக்கும் செடிக்கும் கேடு. கற்களில் தங்கிவிட்டால் பிறகு நீக்குவதும் கஷ்டம்.

அதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. கற்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நேரத்தில் செத்து அழுகினால், அமோனியா எகிறும். ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் தொட்டியில் நத்தையைக் கொல்லப்போய் மீன்களைப் பறிகொடுப்பது இப்படித்தான். அது மட்டுமல்ல, மிச்சத் தீவனம் அப்படியே இருந்தால் தப்பிய நான்கு நத்தைகள் மறுபடியும் படையைத் திரட்டிவிடும்.

நத்தை தின்னும் மீனை வாங்கி விடலாமா?

கேட்க நல்ல யோசனைதான். போட்டியா வகை லோச் மீன்கள் நத்தையை விரும்பித் தின்னும். ஆனால், அவை பெரிதாக வளரும். கூட்டமாக வாழ்பவை என்பதால் ஒன்றை மட்டும் வளர்ப்பதும் சரியல்ல. நெரிசலைக் குறைக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஐந்து மீனைச் சேர்ப்பதா?

கேரளத்தின் ஆறுகளில் வாழும் குட்டிப் பஃபர் மீனும் நத்தைப் பிரியர்தான். ஆனால், அது கப்பியின் வாலையும் கடித்துக் குதறும். போதாக்குறைக்கு, அழியும் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் உள்ள மீன் அது. 'டேங்க் கிளீனர்' என்று கடையில் கொடுக்கும் சக்கர் மீன், நத்தைப் பிரச்சினையைத் தீர்க்காது. விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். அதன் கழிவும் அதற்கேற்ப அதிகம்.

அப்போ என்னதான் செய்வது?

செலவே இல்லாத வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமைதான் வேண்டும்.

1. தீவனத்தைப் பாதியாக்குங்கள். 2 நிமிடத்துக்குள் மீன்கள் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை போதும். வாரத்தில் ஒருநாள் முழு விரதம். தீவனம் போடுவது யார் என்று வீட்டில் ஒருவரை மட்டும் முடிவு செய்யுங்கள். பொங்கலுக்கு 4 நாள் ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் சாப்பாடு இல்லாமலே தாக்குப்பிடிக்கும். கிளம்பும்போது மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்.

2. இரவில் பொறி வையுங்கள். வெள்ளரித் துண்டு அல்லது லேசாக வேகவைத்த கீரைத் தண்டை நூலில் கட்டி, லைட்டை அணைத்ததும் தொட்டிக்குள் இறக்குங்கள். காலையில் நத்தைகளோடு அப்படியே தூக்கிவிடலாம். வாரத்தில் மூன்று நாள் செய்தால் வித்தியாசம் தெரியும். கண்ணாடியிலும் இலையிலும் தெரியும் முட்டைத் திட்டுகளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

3. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். டியூப் போட்டுக் கற்களின் இடுக்கில் தங்கிய கழிவை உறிஞ்சி எடுங்கள். டியூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். கைப்பம்பு வைத்த டியூப் கடையில் கிடைக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். நல்ல பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

4. கப்பியில் ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். ஆண் சிறியது, வால் பெரியது, நிறம் அதிகம் என்பதால் அடையாளம் காண்பது சுலபம். ஒரே தொட்டிதான் என்றால் ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

5. புதுச் செடி வாங்கினால் நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். தனி பக்கெட்டில் மூன்று, நான்கு வாரம் வைத்து, பொரிந்துவரும் நத்தைக் குஞ்சுகளை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். முழுக்க ஒழிய வேண்டும் என்றும் அவசியமில்லை. பத்து இருபது நத்தை பாசியையும் அழுக்கையும் தின்று தொட்டிக்கு நல்லதே செய்யும்.

பிடித்த நத்தையையும் மிஞ்சிய மீனையும் ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. 'பாவம், பிழைச்சுப் போகட்டும்' என்ற நல்ல எண்ணத்தில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். விளைவு வேறு மாதிரி இருக்கிறது.

தென் அமெரிக்காவிலிருந்து அலங்கார மீன் வியாபாரத்தில் வந்த சக்கர் மீன், இன்று தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, மேற்கு வங்க நீர்நிலைகளில் பரவிவிட்டது. முள் துடுப்பால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. கரையில் குழி தோண்டி முட்டையிடுகிறது. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். வியாபாரம் எடுபடவில்லை. வெளியே போன நத்தை, கிழக்கு மற்றும் தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களை இன்றுவரை மேய்ந்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் நம் தோட்டங்களை அழிக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையும், 1847-ல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததுதான்.

நம் பக்கத்திலேயே யோசித்துப் பாருங்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளியில் கவிழ்க்கும் ஒரு பக்கெட் அங்கேயே நின்றுவிடாது. தளி ஏரியோ ஓசூர் ராமநாயக்கன் ஏரியோ, எதுவானாலும் அங்கே ஏற்கெனவே வாழும் நம் ஊர் மீன்களுக்குப் புதிதாக ஒரு போட்டியாளரை இறக்கிவிடுகிறோம்.

அப்படியானால், பிடித்த நத்தையை என்ன செய்வது? ஒரு கவரில் கட்டி ஓரிரவு ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் மண்ணில் புதைத்துவிடுங்கள்; செடிக்கு உரம். டாய்லெட்டிலோ சாக்கடையிலோ போட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

நாளை காலை தீவன டப்பாவைத் திறக்கும்போது, வழக்கமாக எடுக்கும் சிட்டிகையில் பாதியைத் திரும்ப உள்ளே போடுங்கள். நத்தையும் நெரிசலும் குறைவது அங்கிருந்துதான் தொடங்கும்.