அயலகத்தில் இந்திய மாணவர் மீதான இனவெறித் தாக்குதல்களும் அரசுகளின் கடமையும்: தில்லையாடி முதல் மெல்பர்ன் வரை

முன்னுரை

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் மணிவிழாவும் எண்பதாம் ஆண்டு நிறைவு விழாவும் நாள்தோறும் நடைபெறுகின்றன. அவ்விழாக்களுக்கென அயல்நாடுகளிலிருந்து வந்து சேரும் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கு வழக்கமான காட்சியாகிவிட்டனர். அதே ஊரிலிருந்து தரங்கம்பாடி நோக்கித் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கு நடைமுறையிலிருந்த இனப்பாகுபாட்டுச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறாம் வயதில் மறைந்த வள்ளியம்மையின் குடும்பத்தார்க்கு உரிய ஊர் அது. அவரது உடல் ஜோகன்னசுபர்க்கில் அடக்கம் செய்யப்பட்டது. இந்தியா திரும்பிய காந்தியடிகள் 1915-இல் தில்லையாடிக்கு வந்தார்.

வள்ளியம்மை வெளிநாட்டுக்குப் பயிலச் சென்ற மாணவி அல்லர். அவரைத் துன்புறுத்தியது சட்டம்; இன்றைய மாணவரைத் தாக்குவோர் தெருவில் நிற்கும் தனிமனிதர். இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்பிடுவது பிழையாகும். எனினும் அயல்மண்ணில் இனத்தின் பெயரால் தாக்கப்படும் தன் மக்களுக்காக ஓர் அரசு என்ன செய்யலாம், எவை பயன் தருகின்றன என்னும் வினாவிற்கு, 1910 முதல் 1914 வரையிலான அந்த நிகழ்வுகளைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. தாக்குதலுக்கு என்ன பெயரிடுவது என்னும் வழக்கில் அரசுகள் தம் ஆற்றலைச் செலவிடுகின்றன என்பதும், உண்மையில் பயன் தந்தவை சார்பற்ற விசாரணை, களத்தில் நிலையாக அமர்ந்த அலுவலர், அனுப்பும் வாயிலின் மீதான கட்டுப்பாடு ஆகியனவே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஒரு குடியேற்ற அரசு செய்தது

1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதற்கப்பல் நேட்டாலை அடைந்தது முதல் 1911 வரை 1,50,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் அங்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றோர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. 1913 மார்ச்சில் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்களுக்குச் சட்ட ஏற்பில்லாமற் செய்தது. பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு இத்தீர்ப்பு ஓர் உடனடிக் காரணம்.

இந்திய அரசு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவோ அதே பேரரசின் தன்னாட்சி உறுப்பு. ஆகவே போரும் தூதரக முறிவும் எண்ணிப் பார்க்க இயலாதவை. எனினும் இரண்டு செயல்கள் நடந்தன. முதலாவது, 1910 பிப்ரவரியில் கோகலே சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1911 சூலை 1 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புவது நிறுத்தப்பட்டது. கரும்புத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் இந்தியரின் உழைப்பை நம்பியிருந்தமையால், கண்டன அறிக்கைகளுக்கு இல்லாத எடை இத்தடைக்கு இருந்தது. இரண்டாவது, 1913 நவம்பர் இறுதியில் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு சென்னையில் ஆற்றிய உரை. அநீதியான சட்டங்களை மீறிய இந்தியர் பக்கம் தம் பரிவு இருப்பதாக வெளிப்படையாகக் கூறிய அவர், இந்தியரின் நலனுக்கு முழு இடமளிக்கும் சார்பற்ற விசாரணைக் குழு ஒன்றையும் கோரினார். இவ்வுரை இலண்டனிலும் பிரிட்டோரியாவிலும் சினத்தை மூட்டியது.

நீதிபதி வில்லியம் சாலமன் தலைமையில் குழு அமைந்தது. அதில் இந்தியர் ஒருவரும் இல்லை. காந்தியடிகள் அதனைப் புறக்கணித்தார். இருப்பினும் மத்திய மாகாணங்களின் தலைமை ஆணையரான பெஞ்சமின் ராபர்ட்சனை ஹார்டிஞ்சு அங்கு அனுப்பினார். 1914 மார்ச்சில் குழு அறிக்கை தந்தது. அதே ஆண்டின் நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கித் திருமணங்களுக்கு ஏற்பளித்தது. போராடியோரின் ஈகமின்றி இது நடந்திராது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈகத்தைச் சட்டமாக மாற்றியதில் விசாரணைக் கோரிக்கைக்கும், அங்கு நேரில் சென்ற ஓர் அலுவலருக்கும் பங்குண்டு. நம் வரலாற்று நூல்கள் முதலாவதை விரித்துரைத்து இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

வலங்கைமானிலிருந்து டர்பனுக்கு

களத்தில் அமர்ந்த அலுவலர் என்னும் கருத்து 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாட்டில் நிறுவன வடிவம் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகச் சென்றவர் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1929 தொடக்கம் வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். இந்திய மாணவர்க்கான உயர்கல்விக் கூடம் ஒன்று டர்பனில் அமைய உழைத்தார். சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரிலேயே அது விளங்கியது. இனப்பகைமை மிக்க ஓர் ஊரில் ஆசிரியர் ஒருவரைத் தூதராக அமர்த்தியபோது, அவர் முதலில் கவலைப்பட்டது மாணவரைப் பற்றி என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வுடன்பாட்டை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. இந்தியரைத் திருப்பியனுப்பும் உதவித் திட்டத்தையும் அது ஏற்றுக்கொண்டிருந்தது. 1946-இல் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது முகவர் முறை செயலற்றுப்போக, இந்தியா வணிக உறவை முறித்து ஐக்கிய நாடுகள் அவைக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 8-இல் பொதுப்பேரவை 32-க்கு 15 என்ற வாக்குகளில் இந்தியாவுக்குச் சார்பான தீர்மானத்தை ஏற்றது. அரசே இனவெறியைச் சட்டமாக்கும் இடத்தில் அதுவே தக்க வழி. தெருவில் நிகழும் தாக்குதலுக்கு அது பொருந்தாது.

மெல்பர்ன், 2009: பெயரிடும் வழக்கு

ஆஸ்திரேலியாவில் இந்திய மாணவர் சேர்க்கை 2009-இல் ஓர் இலட்சத்தைக் கடந்திருந்தது. அவர்களுள் கணிசமானோர் சமையற்கலை, முடிதிருத்தம் முதலிய தொழிற்பயிற்சி நிறுவனங்களில் சேர்ந்தவர்கள். அப்பயிற்சிகள் நிரந்தர வாழுரிமைக்கு வழியாக இருந்தன. வாரம் 20 மணி நேர வேலைக்கு இசைவு இருந்தமையால் பலர் இரவுநேரக் கடைகளிலும் உணவகங்களிலும் வாடகைக் கார்களிலும் உழைத்துக் கடைசி ரயிலில் புறநகர் திரும்பினர். அடுத்தடுத்த தாக்குதல்களுக்குப் பின் மே 31 அன்று மெல்பர்ன் நகர நடுவில் மாணவர் திரண்டு பேரணி நடத்தினர்.

அதன்பின் நடந்தவை படிப்பினைக்குரியவை. இந்திய ஊடகங்களும் அரசியலாளரும் இனவெறி என்றனர். ஆஸ்திரேலியத் தலைவர்கள் இவை வாய்ப்பு நோக்கிச் செய்யப்படும் வழிப்பறிகள் என்றனர். ரயிலில் தாய்மொழியில் உரக்கப் பேசவேண்டா, விலையுயர்ந்த கருவிகளை வெளிக்காட்டவேண்டா என மாணவர்க்கு அறிவுரை கூறப்பட்டது. தாக்கப்பட்டவனே தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். 2010 சனவரி 2-இல் இரவுப்பணிக்குச் சென்ற இந்திய இளைஞர் ஒருவர் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டபோது வழக்கு உச்சத்தை எட்டியது. அக்கொலை வழிப்பறி முயற்சியில் நிகழ்ந்தது எனப் பின்னர் நீதிமன்ற நடவடிக்கையில் தெரியவந்தது. குற்றவாளி அப்போது 15 வயதினன்.

2011-இல் ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 4,00,000-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவரின் நுழைவிசைவுப் பதிவுகளைக் காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டது அவ்வாய்வு. உடல்வழித் தாக்குதலில் இந்திய மாணவர் பாதிக்கப்பட்ட வீதம் பொதுமக்களின் வீதத்தைவிடக் குறைவாகவோ இணையாகவோ இருந்தது. பெரிய மாநிலங்களில் வழிப்பறிக்கு ஆளான வீதமோ மிகுதியாக இருந்தது. இருதரப்பும் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டன. உண்மையில் முதன்மையான செய்தி வேறு: இத்தாக்குதல்களில் இனப்பகைமை இருந்ததா என்பதை அவ்வாய்வால் சொல்ல இயலவில்லை. காவல்துறைப் பதிவுகளில் குற்றத்தின் நோக்கம் குறிக்கப்படவே இல்லை. ஈராண்டுகள் இரு நாடுகள் சொற்போரிட்ட ஒரு வினாவிற்கு விடை தேடத் தரவே இல்லை என்பதுதான் நிலை.

இதற்கிடையே உருப்படியான சில மாற்றங்கள் அமைதியாக நடந்தன. விக்டோரியா மாநிலம் 2009-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, வெறுப்பு நோக்கத்தை நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது. தரமற்ற கல்லூரிகள் மூடப்பட்டன. அயல்நாட்டு மாணவரின் குறைகளைக் கேட்க 2011-இல் தனிக் குறைதீர் அலுவலர் அமர்த்தப்பட்டார்.

பாதிக்கப்பட்டவரின் சொல்லே தொடக்கம்

நோக்கத்தை யார் தீர்மானிப்பது என்னும் சிக்கலுக்கு இங்கிலாந்தில் ஒரு வழி காணப்பட்டது. இலண்டனில் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஒருவரின் வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மாக்பர்சன் அறிக்கை 1999-இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறொருவரோ இனவெறி நிகழ்வு எனக் கருதினால், அதனை அவ்வாறே பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்றது அவ்வறிக்கை. இது தீர்ப்பன்று, பதிவுக்கான விதி மட்டுமே. நீதிமன்றம் பின்னர் மாறாக முடிவு செய்யலாம். ஆனால் தரவு அழிவதில்லை.

2011 டிசம்பர் 26-இல் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் புணேயைச் சேர்ந்த மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, காவல்துறை அதனை வெறுப்புக் குற்றமாகக் கொண்டே விசாரித்தது. 2012-இல் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையிலிருக்கும் ஆயுள்தண்டனை கிடைத்தது. ஆயினும் அக்குடும்பம் மகனின் மறைவை முகநூல் வழியாகவே முதலில் அறிந்தது. காவல்துறை அதிகாரிகள் பின்னர் புணேக்கு வந்து பெற்றோரைச் சந்தித்தனர். பதிவு முறை செம்மையாக இருந்தும், செய்தி சொல்லும் கடமையில் இரு நாட்டு அமைப்புகளும் தவறின.

சட்ட அடிப்படையும் நம் வீட்டு நிலையும்

1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, தன் குடிமக்களைச் சந்தித்து உதவும் உரிமையைத் தூதரகத்திற்கு வழங்குகிறது. விசாரணையில் தலையிடும் உரிமையை வழங்கவில்லை. இவ்விடைவெளியில்தான் 1965-ஆம் ஆண்டு இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை பயன்படுகிறது. அதன் 5-ஆம் பிரிவு, வன்முறையைச் செய்தவர் அரசு அலுவலராயினும் தனிமனிதராயினும், அதிலிருந்து காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்கிறது. முன்னர்க் குறித்த சட்டத்துக்கும் தெருவுக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்வொரு பிரிவு பெரிதும் குறைத்துவிடுகிறது. இந்தியா 1968-இலும் ஆஸ்திரேலியா 1975-இலும் இவ்வுடன்படிக்கையை உறுதி செய்தன. ஆகவே இந்திய அரசு கேட்கவேண்டியது, "எங்கள் மானத்தைக் காப்பீராக" என்பதன்று. "நோக்கத்தைப் பதிவு செய்கிறீர்களா, பதிவு செய்தவற்றை எங்களுக்குக் காட்டுவீர்களா" என்பதே.

இவ்வினாவை எழுப்பும் தகுதி நமக்கு வேண்டும். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர் தாக்கப்பட்டனர். தில்லியிலிருந்த ஆப்பிரிக்கத் தூதுவர்கள் கூடி, இவை அயலார் வெறுப்பாலும் இனவெறியாலும் நிகழ்ந்தவை என அறிக்கை வெளியிட்டனர். விசாரணை முடியுமுன் இனவெறி எனக் கூறலாகாது என்றது நம் அரசு. 2009-இல் நமக்குக் கிடைத்த மறுமொழியும் ஏறத்தாழ இதுவே. வடகிழக்கு மாநில மாணவர் மீதான தாக்குதல்களை ஆராய்ந்த பெஸ்பருவா குழு 2014-இலேயே தனிக் குற்றப்பிரிவுகளைப் பரிந்துரைத்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து இனத்தின் பெயரால் செய்யும் கொலைக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும் தனி விதி கொண்டுள்ளது. இவ்வரம்பிற்குள் வராத தாக்குதலில் இன நோக்கத்தைப் பதிவு செய்யும் முறை நமக்கும் வேண்டும்.

அனுப்பும் வாயில்

2022 செப்டம்பரில் கனடா குறித்தும், 2025 ஆகஸ்டில் அயர்லாந்து குறித்தும் இந்தியத் தரப்பிலிருந்து எச்சரிக்கைக் குறிப்புகள் வந்தன. ஆளரவமற்ற இடங்களைத் தவிர்க்குமாறு டப்ளின் தூதரகம் கேட்டுக்கொண்டது. இரவுப்பணி முடிந்து திரும்பும் மாணவருக்கு அது இயலாத அறிவுரை. மாறாக, மாணவர் மிகுந்த நகரங்களில் வழக்கறிஞர் உதவியோடு கூடிய தனி அலுவலரை அமர்த்தலாம். புகாரின் நிலையைப் பெற்றோர்க்குத் தமிழிலேயே தெரிவிக்கும் பொறுப்பை மாநிலத்தின் அயலகத் தமிழர் நலத்துறை ஏற்கலாம். வெளியுறவு ஒன்றிய அரசின் அதிகாரமாயினும் இதற்குத் தடையில்லை.

காவிரிப் படுகைக் குடும்பம் ஒன்று நிலத்தை ஈடுவைத்து மகனையோ மகளையோ அனுப்பும்போது, அவர்கள் சேரப்போகும் கல்லூரி எத்தகையது, வேலை எங்கே, வீடு எங்கே என்பதையெல்லாம் சொல்பவர் கல்வி முகவரே. மெல்பர்னில் தாக்குதலுக்கு ஆளானோர் பலரை அந்தக் கடைசி ரயிலில் ஏற்றிவிட்ட காரணங்கள் இங்கேயே தொடங்கிவிட்டன. ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமைகளுக்கிடையிலும், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறுவோரைச் சோதிக்கக் குடிபெயர்வோர் காப்பாளர் என்னும் அலுவலர் இருந்தார். அவர் தம் கடமையைச் சரிவரச் செய்தாரா என்பது வேறு ஆய்வு. சென்னையில் அப்பெயருடைய அலுவலகம் இன்றும் உள்ளது. ஆனால் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்காகச் செல்வோரை மட்டுமே குடிபெயர்வோர் எனக் கொள்வதால், மாணவரும் அவரை அனுப்பும் முகவரும் அதன் வரம்பிற்கு வெளியே நிற்கின்றனர். படிப்போடு வேலையும் செய்யும் இசைவில் செல்வோரை அவ்வரையறைக்குள் கொணர்ந்து, கல்வி முகவர்க்கு உரிமமும் பிணைத்தொகையும் கட்டாயமாக்குவதற்கு எந்த அயல்நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை.