உறைபனியைப் படமெடுக்கச் செல்வோர்க்கு ஏற்ற உடை

மார்கழி, தை மாதங்களில் உதகைக்குச் சென்று, தலைகுந்தாப் புல்வெளியில் விடியற்காலையில் படிந்திருக்கும் உறைபனியைப் படமெடுப்போர் நம் சூலூர்ப் பகுதியிலும் உளர். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், நடப்பவரைவிடக் காமிராவுடன் அசையாது நிற்பவரையே குளிர் விரைவில் வாட்டும்.

உடல் வெப்பத்தைக் காப்பது துணியின் கனமன்று. இழைகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்றேயாகும். ஆகவே, கனத்த ஓர் உடையினும் மெல்லிய சில உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் நன்று.

பருத்தியை விளைத்தும் நெய்தும் வாழும் நாம் ஓர் உண்மையை மறைத்தலாகாது. மலையேறுகையில் வியர்வையை உறிஞ்சிய பருத்தித் துணி, நின்றபின் உடலைக் குளிரச் செய்யும். ஈரத்திலும் ஓரளவு வெப்பங் காக்கும் கம்பளியே உள்ளே இருத்தல் வேண்டும்.

எனினும், பருத்திக்கு உரிய இடம் வெளியே உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் வீழும் விமானிகளைக் காக்க இங்கிலாந்தில் 'வென்டைல்' என்னும் துணி உருவாயிற்று. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்ததே அது. நனைந்தவுடன் நூல் பருத்து, இடைவெளியை அடைத்து நீரைத் தடுக்கும்; காற்றையும் எளிதில் நுழையவிடாது. நெருக்கமாக நெய்த பருத்தி மேலங்கி, உள்ளிருக்கும் கம்பளியின் வெப்பத்தைக் காற்று கவராமற் காக்கும்.

கைகளுக்கு, விரல் அசையத்தக்க மெல்லிய உறையும், அதன்மேல் எளிதிற் கழற்றத்தக்க தடித்த உறையும் வேண்டும். காமிராவின் பாட்டரி குளிரில் வலுவிழக்குமாதலின், மாற்று பாட்டரியை உட்சட்டைப் பையில் வைத்தல் நலம்.

துணியின் குணத்தோடு குறையையும் கூறி விற்பதே கூட்டுறவுக்கு அழகு. அவ்வாறு விற்கும் சங்கத்தையே வாங்குவோர் மீண்டும் நாடுவர்.