கர்னலை உடைத்துப் பழகலாம்

இயக்குதளப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்திவிடலாம். நாலு கட்டம், இரண்டு அம்புக்குறி. தேர்வுக்கு அது போதும். ஆனால் இயக்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு வரி பிசகினால் என்ன ஆகும் என்று அவை காட்டாது. நிஜக் கணினியில் செய்து பார்த்தாலோ, பிசகிய கணமே அது உறைந்துபோகும். காரணம் கேட்க வழியில்லை.

இங்கேதான் எமுலேட்டர் கைகொடுக்கிறது. புராசசர், நினைவகம், வட்டு என்று ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டும் நிரல் அது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு பெயர்பெற்ற ஒன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் அதன்மேல் எக்ஸ்வி6 என்ற குட்டி இயக்குதளத்தை ஓட்டுகிறார்கள். 1975இன் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, 2006இல் பாடத்துக்கென்றே எழுதியது. ஒரு பருவத்துக்குள் வரி விடாமல் படித்துவிடலாம். லினக்ஸில் அது நடக்கிற காரியமா?

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். எக்ஸ்வி6இல் ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது, தாயின் நினைவகம் மொத்தமும் சேய்க்கு நகலாகும். வீண் வேலை. அதற்குப் பதில், 4096 பைட் கொண்ட ஒவ்வொரு பக்கத்தையும் இருவரும் பகிரட்டும், யாராவது எழுதப் போகும்போது மட்டும் அந்தப் பக்கத்தை நகலெடு என்பதுதான் மாணவருக்கான வேலை. எழுத முயன்றதும் புராசசர் தடுத்து, கர்னலைக் கூப்பிடும். ஒரு பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற கணக்கில்தான் பலரும் இடறுவார்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தால், ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பக்கம் விடுவிக்கப்பட்டுவிடும்.

பிழை தேடும் கருவியான டீபக்கரால் எமுலேட்டரை நடுவழியில் நிறுத்தி அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஏறக்குறைய எல்லாப் பைட்டிலும் 1. எக்ஸ்வி6 விடுவிக்கும் பக்கத்தையெல்லாம் வேண்டுமென்றே 1 போட்டு நிரப்பும். புதிதாகக் கொடுக்கும் பக்கத்தை 5ஆல். எந்தப் பிழை என்று எண்ணே சொல்லிவிடும். இதை எழுதியவர்கள் மாணவர்களை நன்றாகவே அறிந்தவர்கள்.

ஸ்டான்ஃபோர்டில் 2004இல் பென் ஃபாஃப் எழுதிய பின்டோஸ் என்ற பாட இயக்குதளத்தில் இன்னொரு வசதி. புராசசரை இடைமறிக்கும் டைமர் குறுக்கீடு வரும் நேரம் மாறினால் தோன்றி மறையும் பிழைகள் லேசில் பிடிபடாது. பாக்ஸ் எமுலேட்டரில் ஓட்டும்போது ஓர் எண்ணைக் கொடுத்தால், குறுக்கீடுகள் தாறுமாறாக வரும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே தாறுமாறு, அதே பிழை.

ஆனால் எமுலேட்டர் சொல்வதெல்லாம் வேதமில்லை. புராசசரின் வேக நினைவகமான கேஷின் போக்கை கியூஎமு அப்படியே நடிப்பதில்லை. அதில் எடுத்த வேகக் கணக்கை நம்பக் கூடாது. நினைவக வரிசையைக் காக்கும் ஃபென்ஸ் கட்டளையை மறந்த நிரல்கூட மடிக்கணினியிலுள்ள எமுலேட்டரில் சமர்த்தாக ஓடி, ரிஸ்க்-ஃபைவ் வகைப் புராசசர் கொண்ட நிஜப் போர்டில் ஏற்றியதும் தடுமாறலாம்.