புதுப் பேனைக்கு எந்த மை?

சென்ற கிழமை எனது வகுப்பு மாணாக்கன் ஒருவன் புத்தம் புதிய ஊற்றுப்பேனை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கட்டுரைப் போட்டியிலே பரிசாகப் பெற்றது. “ஐயா, இதற்கு எந்த மையை விடவேண்டும்? கடையிலே பலவகைப் போத்தல்கள் இருக்கின்றன. எது நல்லதென்று தெரியவில்லை” என்றான். குமிழ்முனைப் பேனையன்றி வேறொன்றையும் கையாண்டறியாத பிள்ளை அவன். மணி அடித்துவிட்டமையால் அன்று சுருக்கமாகவே விடை கூறினேன். கூறாது விட்டவற்றையும் சேர்த்து, அவன் போன்ற பிற மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

மையைத் தெரிவதற்கு முன் பேனையின் இயல்பை அறிதல் வேண்டும். நிப்பு என்று நாம் வழங்கும் முள்ளின் அடியிலே, நாக்குப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் முதுகில் மயிரிழை போன்ற நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. திரியிலே எண்ணெய் ஏறுவது போல, அவ்வாய்க்கால்களின் வழியே மை தானே முள்ளின் நுனியை அடைகின்றது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே செல்கின்றது. வாட்டர்மன் என்னும் அமெரிக்கர் 1884ஆம் ஆண்டு உரிமம் பெற்ற அமைப்பும் இந்த வாய்க்காலைப் பற்றியதே. ஆகவே, அந்நுண்வழியில் அடையாது ஓடுவதே ஊற்றுப்பேனைக்குரிய மை. நிறமும் மணமும் விலையும் பின்னர் நோக்கத்தக்கன.

இதனை அறியாமையால் யான் பட்ட இழப்பு ஒன்றுண்டு. பன்னிரண்டு வயதில் எனது அம்மான் ஒரு பேனை தந்தார். வீட்டிலே தேசப்படம் வரைதற்கு வாங்கிய ‘இந்திய மை’ போத்தலொன்று இருந்தது. கன்னங்கரேலென்ற அதன் நிறத்திலே மயங்கி அதனைப் பேனையில் நிரப்பினேன். மூன்றாம் நாள் பேனை வாய் மூடிற்று, பின்னர் திறக்கவேயில்லை. அம்மை புகைக்கரியை அரக்குக் கரைசலிலே சேர்த்துச் செய்யப்படுவது. ஒருமுறை உலர்ந்தால் நீரிற் கரையாது. தொட்டெழுதும் முள்ளுக்கும் தூரிகைக்கும் அது தக்கது, ஊற்றுப்பேனைக்கு நஞ்சு. முத்திரை மையும் அவ்வாறே விலக்கத்தக்கது. போத்தலின்மேல் ‘ஊற்றுப்பேனைக்குரியது’ என்னும் குறிப்பு உண்டா என்று பார்த்தலே தொடக்கநிலையினர் செய்யவேண்டிய முதற் காரியம்.

ஊற்றுப்பேனைக்குரிய மைகளை மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது, சாயத்தை நீரிற் கரைத்த மை. கடைகளில் உள்ளவற்றிற் பெரும்பாலன இவையே. பார்க்கர் கம்பனியார் 1931இல் வெளியிட்ட ‘குயிங்க்’ என்னும் புகழ்பெற்ற மையும் சாய மையே. இவ்வகையிலே ‘கழுவத்தக்க நீலம்’ எனப்படுவது மிகச் சாதுவானது. பேனையிலே காய்ந்துவிட்டாலும் தண்ணீரிற் கரைந்துவிடும். சட்டையிற் பட்டாலும் பெரும்பாலும் போய்விடும். சிவப்பும் ஊதாவும் அத்துணை இணக்கமுடையனவல்ல. அவற்றுட் சில பேனையின் உடலிலே கறை வைப்பன.

இரண்டாவது, இரும்பு மை. இது நமக்குப் புதியதன்று. கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் கூட்டிக் கருமை செய்யும் முறையை நம்மவர் நன்கறிவர். மேனாட்டார் கடுக்காய்க்கு ஈடாக மாசிக்காயைக் கொண்டனர். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. அது துவர்ப்போடு கூடிக் கடதாசியின் இழைகளிலே ஊறியபின், காற்றுப் படப்படக் கருமை கொள்ளும். எழுதுங்கால் வெளிறித் தோன்றுமாகலின் நீலச் சாயமும் சேர்ப்பர். நீலமாய் எழுதி, கருமையாய் நிலைப்பது இம்மை. இங்கிலாந்திலே பிறப்பு, விவாகப் பதிவேடுகளை இத்தகைய மையாலேயே எழுதி வந்தனர். ஆயின் இதிலே புளிப்புத் தன்மை உண்டு. பேனையிற் காயவிட்டால் அடைக்கும். உருக்கு முள்ளை நாளடைவில் அரிக்கவுங் கூடும். ஊற்றுப்பேனைக்கெனச் செய்யப்படுவன பழைய மைகளைவிட மென்மையானவை. எனினும் இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை பேனையைக் கழுவுதல் வேண்டும். 

மூன்றாவது, மிக நுண்ணிய நிறத்துகள்களைக் கரையாத நிலையிலே தாங்கி நிற்கும் மை. நீருக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆயினும், நாடோறும் எழுதிப் பேனையைப் பேணத் தெரிந்தவர்க்கே அது உரியது.

அங்ஙனமாயின், சாதுவான நீலமே எல்லாவற்றிற்கும் போதுமன்றோ எனலாம். போதாது என்பதை யான் கற்றது 1995ஆம் ஆண்டிலே. அக்காலத்தில் யான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகள் மாலைதோறும் என் ஆசிரியர் திண்ணையிலிருந்து, தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையர் உரையைப் பாடங்கேட்டேன். அவர் சொன்னவற்றை நான்கு கொப்பிகளில் எழுதினேன். பொருளாதாரத் தடையால் மை கிடைத்தல் அரிதாயிருந்த காலம். கிடைத்த நீல மையிலே தண்ணீர் கலந்து எழுதினேன். ஒவ்வொரு கிழமையும் ஆசிரியர் கொப்பியை வாங்கிப் பார்த்து, ஓரத்திலே பென்சிலால் திருத்தம் எழுதுவார்.

அவ்வாண்டு ஐப்பசியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இரவு முழுவதும் மழையிலே நடந்தோம். கொப்பிகள் துணிப்பையில் இருந்தன. விடிந்தபின் தென்மராட்சியிலே ஒரு மரத்தடியில் அவற்றை விரித்துப் பார்த்தேன். ஏடெங்கும் நீலம் பரவியிருந்தது, ஓரெழுத்தும் இல்லை. பென்சில் குறிப்புகள் மட்டும் கலையாது நின்றன. ‘இஃது உரையாசிரியர் கருத்தன்று’ என்று ஓரிடத்தில் இருக்கின்றது. எஃது என்பதை இனி எவரிடம் கேட்பேன்? ஆசிரியர் மறு ஆண்டு, இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். அக்கொப்பிகள் இன்றும் என்னிடம் உள்ளன.

ஆதலின் மாணவர்க்கு யான் கூறுவது இது. முதலிலே சாதுவான நீல மையிற் சிறிய போத்தலொன்று வாங்குக. புதுப் பேனையினுள்ளே செய்தொழிலின் எண்ணெய்ப் பசை இருத்தல் கூடும். குளிர்ந்த நீரால் இருமுறை கழுவியபின் மை நிரப்புக. வெந்நீரும் மதுசாரமும் வேண்டா. இருவேறு மைகளை ஒரு பேனையிற் கலவாதீர். சில கலந்தவுடன் திரிந்து வண்டலாகும். எழுதாத நாட்களிற் பேனையை முள் மேலாக நிறுத்தி, மூடியை இறுக மூடுக. நெடுநாள் எழுதாதிருப்பின் கழுவி உலர்த்தி வைக்க.

கடதாசியையும் நோக்குக. மலிவான கொப்பித் தாளிலே மை கிளைகிளையாய் ஊறிப் பின்பக்கமும் தோன்றினால், பேனையை நோவாதீர். மெல்லிய முள்ளும், அடங்கி ஓடும் மையும் அக்குறையைத் தணிக்கும். இரும்பு மை இவ்வகைத் தாளிலே பெரும்பாலும் ஊறாது நிற்பது அதன் மற்றொரு சிறப்பு.

பேனையைக் கழுவிப் பேணும் பழக்கம் கைவந்தபின் இரும்பு மையிலும் ஒரு போத்தல் வாங்குக. பயிற்சியும் கணக்கும் நீலத்தில் இருக்கட்டும். ஆசிரியர் வாய்ச்சொல், தாய் தந்தையர் சொன்ன ஊர்க்கதை, மீண்டும் கேட்க இயலாதவை எவையோ அவற்றை அழியாத மையால் எழுதுக.

மாணாக்கன் நீலமே வாங்கினான். நேற்று அவன் கட்டுரையைத் திருத்தினேன். எழுத்து முன்னையினும் செம்மையாயிருந்தது. ஓரத்திலே திருத்தம் எழுத, வழக்கம்போல் பென்சிலையே எடுத்தேன்.