மின்னோடு வாழ்தல் – 9: மலிவு விலை வயர்லெஸ் சார்ஜர்

சென்ற வாரம் பேட்டரி ஏன் உப்புகிறது என்று பார்த்தோம். அதைப் படித்தவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி இயல்பானது. 500 ரூபாய்க்குள் கடை வாசலில் தொங்கும் வயர்லெஸ் சார்ஜரை நம்பிப் போனை வைக்கலாமா? பேட்டரிக்கு அதுதான் எமன் என்கிறார்கள் சிலர். ஒன்றும் ஆகாது என்கிறார்கள் வேறு சிலர். கவனிக்க வேண்டிய இடத்தை இரு தரப்புமே கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் ஏற வேண்டும் என்று முடிவு செய்வது போனுக்குள் இருக்கும் சிப். லித்தியம் அயான் செல்லில் முதலில் ஒரே சீரான மின்னோட்டத்தை ஏற்றும். 4.2 வோல்ட்டையோ, அதற்குச் சற்று மேலான ஓர் உச்சத்தையோ தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். மின்சாரம் வயர் வழியாக வந்தாலும் காந்தப்புலம் வழியாக வந்தாலும் இந்தக் கட்டுப்பாடு மாறாது. ஆகவே மட்டமான சார்ஜர் பேட்டரியில் அளவுக்கு மீறித் திணித்துவிடும் என்ற பயம் வேண்டாம். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டபோதும் பலர் சார்ஜரைத்தான் சந்தேகித்தார்கள். குறை பேட்டரிகளிலேயே இருந்தது என்று 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது.

அப்படியானால் பயப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. முதலாவது, சூடு.

மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். வயர்லெஸ் சார்ஜருக்கு அடிப்படை அதுதான். சார்ஜரில் ஒரு சுருள், போனின் முதுகில் ஒரு சுருள். கீழே உள்ள சுருளில் மின்னோட்டம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் மாறுகிறது, மேலே உள்ளது அதை வாங்கிக்கொள்கிறது. முழுவதும் போய்ச் சேராது. நல்ல சார்ஜரிலேயே நான்கில் ஒரு பங்குபோல வழியில் வீணாகும். 20 வாட் எடுத்து 15 வாட் கொடுத்தால் மிச்சம் 5 வாட்டும் சூடு. சார்ஜரில் ஒரு பகுதி, போனில் ஒரு பகுதி. போன் சற்று விலகி வைக்கப்பட்டுச் சுருளும் சுருளும் நேருக்கு நேர் நிற்காவிட்டால் வீணாவது இன்னும் கூடும். மலிவு சார்ஜர்களில் சுருளுக்கு அடியில் வைக்கும் ஃபெரைட் தகட்டிலும் வெப்ப உணரியிலும்தான் செலவைக் குறைக்க எளிதாக இடம் இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே வட்டம்தான்.

சூடு ஏறினால் பேட்டரிக்குள் எலக்ட்ரோலைட் எதிர்முனையோடு வினைபுரிந்து அங்கே ஒரு படலம் தடித்துக்கொண்டே போகும். அதில் சிக்கும் லித்தியம் மறுபடி சார்ஜ் ஏற உதவாது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் தன் வாடிக்கையாளர்களை எச்சரிக்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாத மதியத்தில் ஓட்டு வீட்டு அறையே அந்த அளவைத் தாண்டிவிடும். அங்கே சான்று பெற்ற விலையுயர்ந்த வயர்லெஸ் சார்ஜரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் பகல் நேரத்துக்கு வயர், இரவு மின்விசிறிக்குக் கீழே வேண்டுமானால் வயர்லெஸ். அதுவும் 5 வாட்டே போதும். விடியும்வரை நேரம் இருக்கிறதே, வேகம் எதற்கு?

இரண்டாவது ஆபத்து போனுக்கும் சார்ஜருக்கும் இடையே புகும் உலோகம். என்னைக் கேட்டால் மலிவு சார்ஜரில் மிகவும் அஞ்ச வேண்டியது இதைத்தான். மாறும் காந்தப்புலத்தில் சிக்கிய உலோகத் துண்டிலும் மின்னோட்டம் சுழலும். அது போய்ச் சேர இடமில்லாததால் உலோகமே கொதிக்கும். நாணயம், சாவி வளையம், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் எதுவானாலும் இதே கதிதான். கார் ஸ்டாண்டின் காந்தத்தில் ஒட்டுவதற்காகப் பேக் கவருக்குள் பலர் ஓர் இரும்புத் தகட்டை வைத்திருக்கிறார்கள். வயர்லெஸ் சார்ஜில் வைக்கும் முன் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டையும் கவருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

இதற்குக் காவல் உண்டு. வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற அமைப்பு வகுத்த கியூ-ஐ தரமுறையின்படி, தனக்கு எத்தனை வாட் வந்து சேர்ந்தது என்று போன் சார்ஜருக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கும். தான் அனுப்பியதற்கும் போன் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எல்லை மீறினால், நடுவே ஏதோ தின்கிறது என்று புரிந்துகொண்டு சார்ஜர் நின்றுவிட வேண்டும். சான்று பெற வரும் சார்ஜர்களை ஆய்வகத்தில் இதற்கென்றே சோதிக்கிறார்கள். சான்று பெறாத சார்ஜரில் இந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.

பெட்டியில் கியூ-ஐ சின்னம் அச்சிட்டிருப்பது போதாது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சான்று பெற்றவற்றின் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு சார்ஜரை ஒதுக்க வேண்டியதில்லை, பட்டியலில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். காந்தத்தால் போனைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் கியூ-ஐ 2 வகை 2023இல் வந்தது. உங்கள் போன் அதற்கு ஏற்றதாக இருந்தால் சுருள் விலகும் தொல்லையும் இல்லை.

வயர்லெஸ்ஸில் ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். போனுக்கும் சுவரில் இருக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. டூப்ளிகேட் அடாப்டரில் இன்சுலேஷன் உடைந்தால், வயர் வழியே மின்சாரம் போனைப் பிடித்திருக்கும் கைவரை வரக்கூடும். வயர்லெஸ்ஸில் அது சார்ஜரோடு நிற்கும். ஆனால் சார்ஜரைத் தொடும் கைக்கும் அது நிற்கும் மேசைக்கும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

மலிவு வயர்லெஸ் சார்ஜர்கள் பெரும்பாலும் அடாப்டர் இல்லாமலே வருகின்றன. வீட்டில் எங்கோ கிடக்கும் பழைய அடாப்டரைத் தேடி மாட்டுகிறோம். சார்ஜர் கேட்கும் வாட்டை அது தராவிட்டால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், அடாப்டரும் சுடும். இந்தியாவில் விற்கும் போன் அடாப்டருக்கு பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அடாப்டரின் உடலில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். எண்ணே இல்லாவிட்டாலும், வரும் பெயர் அடாப்டரில் இருப்பதோடு பொருந்தாவிட்டாலும், முதலில் மாற்ற வேண்டியது அந்த அடாப்டரைத்தான். வயர்லெஸ் சார்ஜரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)