மதுக்கூட நேர நீட்டிப்பு

மதுக்கூட நேர நீட்டிப்பு என்பது, மது பரிமாறும் ஓர் இடம் தன் உரிமத்தில் குறித்துள்ள நேரத்தைத் தாண்டியும் திறந்திருக்க அனுமதி கோரும் நடைமுறையாகும். வெள்ளி, சனி இரவுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டு ஒரு பப் விண்ணப்பிப்பது இங்கிலாந்தில் சாதாரண நிகழ்வு. திருநெல்வேலியில் அத்தகைய விண்ணப்பத்திற்கு ஏறக்குறைய இடமே இல்லை. நேரத்தைத் தீர்மானிப்பவர் யார், பக்கத்து வீட்டுக்காரர் எப்போது பேசலாம் என்ற இரண்டிலும் இவ்விரு ஊர்களும் வேறுபடுகின்றன.

இங்கிலாந்தில்

முதல் உலகப் போரின்போது, 1915 முதல், பிரித்தானியாவில் மதுக்கூட நேரம் பெரும்பாலான இடங்களில் நாளுக்கு ஐந்தரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் போதையில் வேலைக்கு வருவது அரசின் கவலையாக இருந்தது. பிற்பகலில் கடையை அடைக்கும் வழக்கம் 1988 வரை நீடித்தது. 2003 ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் ஒவ்வொரு மதுக்கூடமும் தனக்கான நேரத்தைத் தானே கேட்கலாம் என்றானது.

விண்ணப்பம் உள்ளூராட்சி மன்றத்திற்குச் செல்கிறது. விண்ணப்பதாரர் வெளிர் நீலத் தாளில் அறிவிப்பை எழுதி, கடை வாசலில் தெருவில் போகிறவர் படிக்கும்படி 28 நாட்கள் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும். அந்த நாட்களுக்குள் காவல் துறையோ குடியிருப்பவரோ ஆட்சேபம் எழுதலாம். ஆனால் குடியே தீமை என்ற வாதம் அங்கே எடுபடாது. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுப்பு, சிறார் பாதுகாப்பு ஆகிய நான்கில் ஒன்றையாவது ஆட்சேபம் தொட வேண்டும். யாரும் எழுதாவிட்டால் அனுமதி தந்தே ஆக வேண்டும். எழுதினால் விசாரணை நடக்கும். முடிவை ஏற்காதவர் 21 நாட்களுக்குள் நீதிமன்றம் செல்லலாம்.

தமிழ்நாட்டில்

1937 இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி வந்து, 1981 இல் மீண்டும் தளர்ந்தது. 1983 இல் உருவான டாஸ்மாக் நிறுவனம் முதலில் மொத்த விற்பனையை மட்டும் கவனித்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. விடுதிகளும் மனமகிழ் மன்றங்களும் 1981 விதிகளின்கீழ் தனி உரிமம் பெறுகின்றன. எல்லோருக்கும் நேரத்தை மாநில அரசே விதியில் எழுதுகிறது.

டாஸ்மாக் கடையை ஒட்டிய "பார்" இன்னும் விநோதமானது. அதை ஏலத்தில் எடுப்பவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவுமான உரிமமே. சட்டப்படி அவர் மது விற்பவரே அல்ல. ஆகவே விற்பனை நேரத்தை நீட்டிக்கக் கேட்கவும் அவருக்கு வழியில்லை. கடை அடைத்தபின்பும் திறக்கும் முன்பும் பாரில் கூடுதல் விலைக்குச் சரக்கு கிடைக்கிறது என்ற புகார் மாநிலமெங்கும் எழுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

நேரத்தைக் குறைக்கும் கோரிக்கை தெருவிலிருந்தே வந்திருக்கிறது. 2015 ஜூலை 31 அன்று, அண்டை மாவட்டமான கன்னியாகுமரியின் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மாநிலம் முழுவதும் போராட்டங்கள் வெடித்தன. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதா, காலை 10 மணிக்குத் திறந்த கடைகளை நண்பகல் 12 மணிக்குத் திறக்க ஆணையிட்டார். இரவு 10 மணி மாறவில்லை. 2023 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை எனச் சுருக்குவதைப் பரிசீலிக்குமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாறலாம் என்று வந்த விதி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் கைவிடப்பட்டது.

விற்பவரும் நேரத்தை விதிப்பவரும் ஒருவரே என்பதுதான் இங்குள்ள சிக்கல். 2023–24 இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அரசே மது விற்றால் கட்டுப்பாடு இருக்காது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் கார்லைல் பகுதியில் 1916 முதல் 1973 வரை மதுக்கூடங்களை அரசே நடத்தியது. விற்பனை கூடினால் மேலாளருக்கு ஆதாயம் இல்லாதபடி அங்கே சம்பளம் நிலையாக வைக்கப்பட்டது.

தாமிரபரணிக் கரையில்

வார இறுதி என்பது இப்பகுதியின் உழைக்கும் வீடுகளில் வாரக் கூலி கைக்கு வரும் நேரம். கட்டடத் தொழிலாளிக்கும் முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் சனிக்கிழமை கணக்கு முடிக்கும் நாள். வீட்டுக்கும் கடைக்கும் இடையில் அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது பெரும்பாலும் அன்று மாலையே தெரிந்துவிடும். ஆனால் சனிக்கிழமைக்கென்று தனி நேரம் கடைக்கு இல்லை; கேட்கவும் எதிர்க்கவும் நீல அறிவிப்பும் இல்லை.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது என்பது விதி. எனவே இங்கே எதிர்ப்பவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அளவு நாடாவைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மனு திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்திற்குப் போகும். அங்கு தீராவிட்டால் மதுரைக் கிளைக்கு.